எடிட்டரா, ஐடிஇ-யா? முதலில் எது?

கணினி படிக்கிற நாலு பேர் டீக்கடையில் கூடினால் இந்தச் சண்டை வராமல் போகாது. ஒருவர் விம் என்பார், இன்னொருவர் எக்லிப்ஸ் என்பார். ஆனால் எது உசத்தி என்பதல்ல கேள்வி, எதை முதலில் தொடுவது என்பதுதான். முதலாண்டு மாணவர் கையில் ஐடிஇ-யைக் கொடுப்பது தப்பு!

என்ன தப்பு என்கிறீர்களா? டர்போ சி++ கதையைப் பாருங்கள். போர்லண்ட் நிறுவனம் 1990ல் வெளியிட்டது. தமிழகக் கல்லூரி ஆய்வகங்களில் அந்த நீலத்திரை பல ஆண்டுகள் கோலோச்சியது. சி++ மொழிக்கு 1998லேயே ஐஎஸ்ஓ தரம் வந்துவிட்டது. ஆனாலும் பாடம் 'ஐயோஸ்ட்ரீம்.எச்', 'வாய்ட் மெயின்' என்றே ஓடியது. அதே நிரலை லினக்ஸில் ஜிசிசி-யிடம் கொடுத்தால் பிழைக்கு மேல் பிழை! அந்த மாணவர்கள் கற்றது சி++ அல்ல, கண்ட்ரோல்-எஃப்9. கம்பைலர் எது, லிங்கர் எது, பிழை எங்கே பிறந்தது என்று தெரியாமலே தேர்வில் தேறிவிட்டார்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளிலும் ஒரு 'ஐடிஇ' உண்டு. ஜக்கார்டு பெட்டி! பிரான்சில் 1804ல் பிறந்த கருவி. எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதை அதன் துளையிட்ட அட்டைகள் சொல்லும், சேலையில் மயில் விழும். பிற்காலத்தில் கணினி நிரல்களும் இப்படித் துளையிட்ட அட்டைகளில்தான் போயின. ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால்? பெட்டி முடி போடாது. அறுந்தது எது என்று தேடி, அதன் இடத்தில் கோத்து முடிவது நெசவாளரின் கைதான். இழையை அறிந்தவருக்குப் பெட்டி உதவி. அறியாதவருக்கு?

ஐடிஇ வேண்டவே வேண்டாம் என்பதல்ல வாதம். நூற்றுக்கணக்கான கோப்புகள் கொண்ட ஜாவா திட்டத்தில் ஒரு மெத்தடின் பெயரை மாற்ற வெறும் எடிட்டரோடு மல்லுக்கட்டுவது வீம்பு. அங்கே ஐடிஇ தான் சரி.

ஆனால் முதல் செமஸ்டருக்கு ஒரு சாதா எடிட்டரும் டெர்மினலும் போதும். கட்டளையைக் கையால் அடித்து, வருகிற பிழையை வரிவரியாகப் படிக்கட்டும். இன்று செயற்கை நுண்ணறிவு நிரலையே எழுதித் தருகிறது. அது தப்பாக எழுதினால் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டாமா? பொத்தானை மட்டுமே அமுக்கத் தெரிந்தவரால் அது முடியுமா?