மணலுக்குப் பெயர் உண்டு, மாண்டவனுக்கு இல்லை!

ரோமாபுரியில் ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. முட்டை வடிவம். நீளம் 188 மீட்டர். அகலம் 156 மீட்டர். ஒரு பக்கம் இடிந்து போய்விட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். அதுதான் கொலோசியம்!

இது போன்ற கட்டிடங்களுக்குப் பொதுப் பெயர், "ஆம்பிதியேட்டர்." கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். "ஆம்பி" என்றால் இரு புறமும், சுற்றிலும் என்று பொருள். "தியேட்ரான்" என்றால் பார்க்கும் இடம். சினிமா "தியேட்டர்" பிறந்ததும் இந்த வேரில்தான்.

நாடகக் கொட்டகையில் ஜனங்கள் ஒரு புறம். நடிகர்கள் மறு புறம். ஆம்பிதியேட்டரில் அப்படி இல்லை. சுற்றிலும் ஜனங்கள். நடுவே சண்டை.

பொம்பெயி நகரில், கி.மு. 70-ஐ ஒட்டிக் கட்டிய ஓர் அரங்கு உண்டு. இன்று மிஞ்சியிருக்கும் கல் அரங்குகளில் அதுவே மிகப் பழையது. அதைக் கட்டியவர்கள் வைத்த கல்வெட்டில் "ஆம்பிதியேட்டர்" என்ற சொல் இல்லை. "ஸ்பெக்டாகுலா" என்று இருக்கிறது. அதற்கும் பார்க்கும் இடம் என்றே பொருள்!

மணல் எதற்கு?

நடுவில் உள்ள தரைக்கு "அரீனா" என்று பெயர். லத்தீன் மொழியில் அதற்கு அர்த்தம், மணல். சண்டை போடுகிறவனின் கால் வழுக்கக் கூடாது. சிந்தும் ரத்தத்தை உறிஞ்ச வேண்டும். அதற்காகத்தான் மணலைப் பரப்பினார்கள்.

கொலோசியத்தை வெஸ்பாசியன் சக்கரவர்த்தி கட்டத் தொடங்கினார். அவருடைய மகன் டைட்டஸ் கி.பி. 80-ல் திறந்து வைத்தார். அருகில் நீரோ மன்னனின் பிரம்மாண்டமான சிலை ஒன்று இருந்தது. அதற்கு "கொலோசஸ்" என்று பெயர். பிற்காலத்தில் அதிலிருந்தே கட்டிடத்துக்குப் பெயர் வந்தது.

ஆக, பார்க்கும் இடத்துக்குப் பெயர் உண்டு. மணலுக்குப் பெயர் உண்டு. சிலைக்கும் பெயர் உண்டு. அங்கே மாண்ட அடிமைகளுக்கும், போர்க் கைதிகளுக்கும் அந்தச் சொற்களில் இடமே இல்லை!

குற்றவாளி யார்?

திறப்பு விழா 100 நாள் நடந்தது. 9,000 பிராணிகள் கொல்லப்பட்டதாக டியோ காசியஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். இந்தக் கொடுமைக்கெல்லாம் சக்கரவர்த்திகளே காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான்.

அங்கே சுமார் 50,000 பேர் இருந்து பார்க்கலாம். சக்கரவர்த்தி பணத்தை வாரி இறைத்தது அவர்களுடைய கைதட்டலுக்காகத்தான். அவர்கள் வராமல் இருந்தால் மணலில் ரத்தம் விழுந்திருக்குமா?

"நான் சும்மா பார்த்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. பார்க்கிறவன் மனமும் கெட்டுப் போகிறது. கி.பி. 59-ல் பொம்பெயி அரங்கில், உள்ளூர்க்காரர்களுக்கும் நூசெரியா ஊர்க்காரர்களுக்கும் தகராறு மூண்டது. முதலில் வசவு. பிறகு கல். கடைசியில் ஆயுதம்! பலர் செத்தார்கள். அந்த ஊரில் இத்தகைய காட்சிகளுக்கு 10 ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது.

இறங்கிய துறவி

டெலிமாக்கஸ் என்ற துறவியின் கதையை, 5-ம் நூற்றாண்டில் தியோடரெட் எழுதி வைத்தார். ரோமாபுரிக்கு வந்த அந்தத் துறவி, வேடிக்கை பார்க்கவில்லை. களத்தில் இறங்கிச் சண்டையைத் தடுத்தார். அவரைக் கொன்றது யார்? சண்டைக்காரர்கள் அல்ல. ஆசனங்களில் இருந்த கூட்டம்! கல்லால் அடித்தே கொன்றுவிட்டது. இதைக் கேட்ட ஹொனோரியஸ் சக்கரவர்த்தி அந்தச் சண்டைகளை நிறுத்தினாராம்.

இன்றும் நடுத்தெருவில் ஒருவனை நாலு பேர் அடிக்கிறார்கள். சுற்றிலும் நாற்பது பேர் நிற்கிறார்கள். சிலர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அங்கே கல் ஆசனம் இல்லை, மணலும் இல்லை. ஆனாலும் அது ஆம்பிதியேட்டர்தான்!