ஆய்வகக் கதவுகள் திறக்கட்டும்

கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு அறிவியலிலும் கணிதத்திலும் அடித்தளம் இல்லை என்று பேராசிரியர்கள் குறைப்படுகின்றனர். அம்மாணவர்களுக்குப் பள்ளியில் கற்பித்தவர்கள் நம் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்களே. எனவே, பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் அறிவியல், கணிதக் கல்வி மையம் ஒன்று மாவட்டந்தோறும் ஓர் அரசுக் கல்லூரியிலேனும் அமைய வேண்டும்.

இதற்கு முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறைவழி அறிவியல் கற்பித்தல் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் உள்ளிட்டோர் பள்ளி ஆசிரியர்களுடன் இணைந்து பணியாற்றினர். மாதந்தோறும் கூடி வகுப்பறைச் சிக்கல்களை விவாதித்தனர். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வும் நடைமுறைக்கு வந்தது. 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நல்ல முயற்சியைத் தொடங்குவதைவிட நிலைநிறுத்துவது கடினம் என்பதே அது தரும் பாடம்.

ஆகவே, மையத்துக்கு நிரந்தரப் பணியிடங்களும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீடும் தேவை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஆய்வகங்களைத் திறந்துவிட அதிகம் செலவாகாது. உண்மையான செலவு பேராசிரியரின் நேரமே. பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைகளே பெரிதாக மதிக்கப்படும்வரை, பள்ளி ஆசிரியருக்காக அவர் செலவிடும் நேரம் அவருக்கு இழப்பாகவே அமையும். அந்நேரத்தைப் பணி நேரமாக ஏற்று, பதவி உயர்விலும் கணக்கிட வேண்டும். இல்லையேல், மையம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும்.