பளிச்சென்று எரிந்தால் போதுமா?

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வாங்கப் போகிறவர் காதில் இன்று தவறாமல் விழும் வாக்கியம் இது: “எல்இடி லைட் இருக்கிற மாடலா பாத்து எடுங்க, ராத்திரியில பகல் மாதிரி இருக்கும்.” ஷோரூமில் விற்பனையாளர் சொல்கிறார், வண்டியை ஓட்டிப் பார்த்து வீடியோ போடுகிறவர் சொல்கிறார், போன வருஷம் வாங்கிய மைத்துனரும் சொல்கிறார். விளக்கு எவ்வளவு வெள்ளையோ, எவ்வளவு பலமோ, அவ்வளவு பாதுகாப்பு என்பதுதான் இவர்கள் எல்லோருடைய எண்ணமும். பிள்ளைகளைப் பின்சீட்டில் தூங்கவைத்துவிட்டு, உளுந்தூர்பேட்டை தாண்டி நள்ளிரவில் நூறில் போகிறவருக்கு அந்தத் துணிச்சல் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகிறது. அது தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

பலத்திலிருந்து தொடங்கலாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமென் கணக்கு பல்பிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சத்தைச் சொல்கிறது. அதில் சாலைக்கு எவ்வளவு, எந்த இடத்துக்கு என்பதை அது சொல்வதில்லை. மோட்டாரில் தண்ணீர் கொட்டினாலும் வாய்க்கால் சரியில்லாவிட்டால் பாத்திக்குப் போய்ச் சேராது. ஐஐஎச்எஸ் எனப்படும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2016-இல் முகப்பு விளக்குகளை இரவில் ஓடுபாதையிலேயே வைத்து அளக்கத் தொடங்கியது. நேர்ச்சாலையிலும் வளைவுகளிலும் ஐந்து லக்ஸ் வெளிச்சம் எத்தனை தூரம் எட்டுகிறது, எதிரே வருபவர் கண்ணை எவ்வளவு கூசவைக்கிறது என்பவையே அளவுகோல். அந்த ஆண்டு சோதித்த 21 சிறிய எஸ்யூவிகளில் ஒன்றுகூட ‘நன்று’ என்ற தரத்தைப் பெறவில்லை. அவற்றில் கிடைக்கும் விளக்கு வகைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ‘மோசம்’. விலை கூடினால் விளக்கும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்றும் அந்த நிறுவனம் அப்போதே சொல்லிவிட்டது.

பிறகு ஏன் வாங்கியவருக்குப் பகல் மாதிரித் தோன்றுகிறது? பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளபளவென்று ஒளிர்வதால்தான். அந்த வெளிச்சம் மனதுக்கு இதமாக இருக்கிறது, கண்ணுக்குக் கேடு. கண்மணி அருகிலுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்கிறது, விழித்திரையும் அதற்கே பழகிவிடுகிறது. எண்பது மீட்டர் தள்ளி, பின்விளக்கோ பிரதிபலிப்புப் பட்டையோ இல்லாமல் ஊர்ந்துபோகும் கரும்பு டிராக்டர் இருட்டோடு இருட்டாகவே இருந்துவிடுகிறது. கிட்டத்தில் அடக்கமாகவும் எட்டத்தில் அழுத்தமாகவும் விழுகிற கற்றையே நல்ல கற்றை. ஷோரூம் வாசலில் பார்க்கும்போது அது சுமாராகத்தான் தெரியும்.

வெள்ளை நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலம் கலந்த வெள்ளை ஓட்டுகிறவருக்குத் தெளிவாகத் தோன்றலாம். எதிரே இருப்பவருக்குக் கூச்சம் கூடுதல். மழைநாளில் நனைந்த தார்ச்சாலை கண்ணாடிபோல் ஆகி நம் வெளிச்சத்தை நம்மிடம் திருப்பாமல் முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. அங்கே எந்த நிற விளக்கும் முழுப் பயன் தராது, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. இதற்கு நேரெதிரான கட்சி ஒன்றும் இருக்கிறது: மஞ்சள்தான் பனியைக் கிழிக்கும் என்பது. பிரான்ஸில் 1993 வரை மஞ்சள் முகப்பு விளக்கு கட்டாயமாகவே இருந்தது. ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஊட்டி மலைப்பாதையில் பனிவிளக்கு உதவுவது, அது தாழ்வாகப் பொருத்தப்பட்டு அகலமாகவும் மேல்விளிம்பு தட்டையாகவும் ஒளி வீசுவதால். மஞ்சள் என்பதால் அல்ல.

“எஸ்யூவி உயரமான வண்டி, லைட்டும் மேலே இருக்கு, அதனால தூரம் வரைக்கும் தெரியும்” என்கிறார்கள். இந்த வாதத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, குடும்ப வண்டிகளை நேராகத் தொடுவதும் இதுவே. லோ பீம் வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்படும். தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கின் கற்றை, பத்து மீட்டருக்கு பத்து செ.மீ. வீதம் இறங்கி 80 மீட்டரில் சாலையைத் தொடும். இந்தச் சாய்வு எவ்வளவு நுண்ணியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.75 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் வெறும் 2.75 செ.மீ. தணிந்தால் போதும், சாய்வு முழுவதும் போய்க் கற்றை கிடைமட்டமாகிவிடும். மூன்றாம் வரிசையில் தாத்தா பாட்டி, டிக்கியில் மூன்று பெட்டி, கூடவே ஊரிலிருந்து ஏற்றிய அரிசி மூட்டை என்றால் அதைவிட அதிகமாகவே தணியும். ஐந்தரை செ.மீ. தணிந்தால் ஐம்பது மீட்டர் தொலைவில் கற்றையின் மேல்விளிம்பு 130 செ.மீ. உயரத்தில் நிற்கும். எதிரே செடான் காரில் வருபவர் கண் அதற்குக் கீழே இருக்கிறது. பைக்கில் வருபவரும் முகம் சுளிப்பார். எஸ்யூவிக்காரரோ லோ பீமில்தான் போகிறோம் என்று நிம்மதியாக இருப்பார்.

இதற்கான மருந்து பெரும்பாலான வண்டிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டீயரிங் பக்கத்தில், டேஷ்போர்டின் கீழ்ப்புறம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம். ஆள் ஏற ஏற, சுமை ஏற ஏற, எண்ணைக் கூட்டினால் கற்றை இறங்கும். சில மாடல்கள் தாமாகவே சரிசெய்துகொள்ளும். வண்டியை ஒப்படைக்கும்போது பாட்டு எப்படிப் போடுவது, போனை எப்படி இணைப்பது என்று அரைமணி நேரம் விளக்குகிறார்கள். இந்தச் சக்கரத்தைக் காட்டுபவர் அபூர்வம். வருஷக்கணக்காக அது சுழியத்திலேயே கிடக்கிறது.

அடுத்தது ஹை பீம். “எதிர்ல வர்றவன் டிம் பண்ண மாட்டேங்கிறான், நான் மட்டும் ஏன் பண்ணணும்?” என்பது தமிழ்நாட்டுச் சாலைகளில் பழகிப்போன நியாயம். கூசும் ஒளி கண்ணுக்குள் சிதறி, காட்சியின் மேல் ஒரு வெண்திரையாகப் படிகிறது. வயது ஏற ஏறச் சிதறலும் கூடும். 80 கி.மீ. வேகத்தில் கண் தெளியாத ஒவ்வொரு நொடிக்கும் வண்டி 22 மீட்டர் ஓடிவிடுகிறது. இருவரும் பிரைட்டில் வந்தால் இருவருக்கும் நடுவே சாலையைக் கடக்கிறவர் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியமாட்டார். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடி வளர்ப்பது எதிர் வெளிச்சத்தை மறைக்கவும்தான். அரளி பட்டுப்போன இடைவெளிகளில் ஒளி சாட்டையாக அடிப்பதை இரவில் ஓட்டுகிற எல்லோரும் அறிவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி, ஒளிக்கற்றை எதிரே இருப்பவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்றே சொல்கிறது.

அதற்காக எப்போதும் லோ பீமிலேயே போகலாம் என்று நான் சொல்லவில்லை. 100 கி.மீ. வேகத்தில் ஓர் ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 42 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 55 மீட்டராவது வேண்டும். கிட்டத்தட்ட நூறு மீட்டர். தைப்பூசத்துக்குப் பழனிக்கும் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கும் சாலையோரமாக இரவெல்லாம் நடக்கிறார்கள். அவர்களில் கருந்துணி உடுத்தியவரை லோ பீம் அவ்வளவு தூரத்தில் காட்டாது. எதிரே யாரும் இல்லையென்றால் ஹை பீம் போட வேண்டும், ஆள் தெரிந்ததும் தணிக்க வேண்டும். தணித்துப் போகும் நேரத்தில் வேகத்தையும் தணிக்க வேண்டும்.

பழைய ஹாலோஜன் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லப்படும் யோசனை இன்னும் மோசம்: பல்பை மட்டும் கழற்றி எல்இடி போட்டுக்கொள்ளுங்கள், அல்லது 100/90 வாட் பல்ப் மாட்டுங்கள் என்பது. 60/55 வாட் எச்4 பல்புக்குள் இழை நிற்கும் இடத்தை வைத்துத்தான் அதன் பின்னாலுள்ள ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் வார்க்கப்பட்டிருக்கிறது. எல்இடி சில்லின் வடிவமே வேறு. கற்றை கலைந்து, சாலைக்குப் போக வேண்டிய ஒளி மரக்கிளைக்கும் எதிராளி கண்ணுக்கும் போகிறது. வாட் கூடினால் ஒயரும் ஹோல்டரும் சூடேறிக் கருகும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் கற்றையைத் தாழ்த்தாது, வெளிச்சத்தைத்தான் குறைக்கும். விளக்கு மங்கிவிட்டது என்று தோன்றினால் முதலில் மேல்மூடியைப் பாருங்கள். வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் மூடி, புதியது தரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்களவே தருகிறது என்று அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2018-இல் அளந்து சொன்னது. பாலிஷ் போடுவதோ மூடியை மாற்றுவதோ பல்ப் மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும்.

வண்டிக்கு உள்ளேயும் இதே கதைதான். அறுபத்து நான்கு வண்ண ஆம்பியன்ட் லைட், பத்து அங்குலத் திரை, மேலே கண்ணாடிக் கூரையைச் சுற்றி ஒளிக்கோடு: இவையெல்லாம் இரவுப் பயணத்துக்கு வசதி என்று விற்கப்படுகின்றன. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பளிச்சென்ற ஒரு திரை அதை நொடிகளில் கலைத்துவிடும். உள்ளே எரியும் விளக்கின் பிம்பம் முன்கண்ணாடியில் படிந்து, வெளியே மங்கலாகத் தெரிகிறவற்றை மறைக்கிறது. அந்தக் கண்ணாடியின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் ஆவி படிந்த மெல்லிய படலம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குழந்தைக்குப் பால் கலக்க வேண்டுமென்றால் பின்வரிசையின் சிறு ரீடிங் லைட் போதும். கூரை விளக்கை எரியவிட்டபடி ஓட்டக் கூடாது. திரையை இரவு நிலைக்கு மாற்றி, மீட்டர் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தாங்கும் அளவுக்குக் குறைத்து, நடுக் கண்ணாடியின் அடியிலுள்ள நெம்பை மடக்கிவிட வேண்டும்.

எல்இடி நல்லதே இல்லை என்பதல்ல என் வாதம். ஐஐஎச்எஸ் 2021-இல் வெளியிட்ட கணக்கில், ‘நன்று’ தரம் பெற்ற விளக்குகள் உள்ள வண்டிகளில், ‘மோசம்’ தரத்தவற்றைவிட இரவில் தனித்து விபத்துக்குள்ளாவது 19 சதவீதமும், நடப்பவர் மீது மோதுவது 23 சதவீதமும் குறைவு. அந்தத் தரத்தை அவை பெற்றது ஒளி விழும் இடத்தையும் கூச்சத்தையும் அளந்த பிறகு. நிறத்துக்கும் லூமெனுக்கும் அதில் மதிப்பெண் கிடையாது.

நம் நாட்டில் வாங்குகிறவருக்கு அப்படியொரு அளவு கையில் இல்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் பெரியவர் பாதுகாப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, பாதுகாப்பு உதவிக் கருவிகள் ஆகியவற்றை வைத்து நட்சத்திரம் தருகிறது. இரவில் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதற்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. அந்த இடத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏற்படுத்த வேண்டும். வாங்குகிறவர்களும் பகலில் மட்டும் டெஸ்ட் டிரைவ் கேட்காமல், தெருவிளக்கு இல்லாத சாலையில், வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஓர் இரவாவது ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.