அரசியலற்ற முகம் ஏது?

2014இல் அல்கட்ராஸ் தீவுச் சிறையில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், கருத்துக்காகச் சிறைப்பட்டோர், நாடு துறந்தோர் என 176 பேரின் முகங்களை லெகோ கட்டைகளால் அமைத்தார். மறு ஆண்டு வேறொரு காட்சிக்காக மொத்தமாகக் கட்டைகள் கேட்டபோது, அரசியல் படைப்புக்குத் தர இயலாது என்றது நிறுவனம். மக்கள் தம் வீட்டுக் கட்டைகளை அள்ளிக் கொடுத்தனர். 2016 சனவரியில் நிறுவனம் இறங்கி வந்தது. நோக்கம் கேட்பதை நிறுத்தியது.

நறுவிலிக்குளத்திலிருந்து பார்க்கையில் இது தொலைதூரக் கதையன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி மன்னார்த் தாய்மாரும் தெருவில் நின்றவர்களே. அவர்களுக்கும் அதே உபதேசம்: அரசியல் வேண்டாம்! பிள்ளையின் முகத்தைக் காட்டுவது அரசியலென்றால், அவன் எங்கே என்று சொல்ல மறுப்பதற்கு என்ன பெயர்? முகம் எதனால் ஆனது என்பதன்று, யாருடையது என்பதே அதிகாரத்தை உறுத்துகிறது. அப்படங்களைத் தாழ்த்தச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.