பழுதான வண்டியும் இழுவைக் கூலியும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீனும் இறாலும் நண்டும் வெளியூர் மார்க்கெட்டுகளுக்குப் போவது லோடு ஆட்டோவிலும் குட்டி யானை வண்டியிலும்தான். லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என எந்தக் குப்பத்தைச் சொன்னாலும் நிலைமை இதுதான். இந்த வண்டி பொன்னேரிச் சாலையில் பாதி வழியில் படுத்துவிட்டால் நஷ்டம் வண்டிக்காரர் ஒருவரோடு நிற்பதில்லை. ஐஸ் கரையக் கரைய மீனின் விலையும் கரைகிறது. வலை வீசியவர், கூடை எடுத்த பெண், சுமை ஏற்றிய கூலியாள் ஆகிய எல்லோருடைய வயிற்றிலும் அடி விழுகிறது. அந்த நேரத்தில் வந்து சேரும் இழுவை வண்டிக்காரர் வாயில் வருவதே கட்டணம். பேரம் பேச நேரமில்லை, வேறு வண்டியும் இல்லை.

இது மீன் வண்டிக்காரர்களின் பிரச்னை மட்டுமல்ல. கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளும், நடவுக்கும் அறுப்புக்கும் விவசாயத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டியும் இதே கதிக்கு உள்ளாகின்றன. ஆகவே இழுவைக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்பதை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

இழுவைக் கூலியில் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, வண்டி புறப்படுவதற்கான அடிப்படைத் தொகை. இரண்டாவது, கிலோமீட்டர் கூலி. மூன்றாவது, வேலையின் தன்மை. கயிறு கட்டி இழுப்பது ஒரு விலை, சக்கரத்தைத் தூக்கி இழுப்பது ஒரு விலை, வண்டியையே மேலே ஏற்றிக் கொண்டு போவது வேறு விலை. பள்ளத்தில் இறங்கிய வண்டியைக் கிரேன் வைத்து எடுத்தால் அதற்குத் தனி. இவற்றுக்கு மேல் இரவு நேரக் கூலி, காத்திருப்புக் கூலி, ஷெட்டில் நிறுத்தினால் நாள் வாடகை.

இதில் பெரும்பாலும் ஏமாற்றம் நிகழ்வது கிலோமீட்டர் கணக்கில்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று பேச்சு. இழுவை வண்டி பொன்னேரியில் நிற்கிறது. பழுதான வண்டி 18 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பும் பொன்னேரியில்தான். இழுத்து வந்த தூரத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 1,820 ரூபாய். வெறும் வண்டியாக வந்த தூரத்தையும் சேர்த்து 36 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் 2,540 ரூபாய். ஒரே வேலை, ஒரே விகிதம். வித்தியாசம் 720 ரூபாய்! தூரம் எங்கிருந்து எதுவரை என்ற ஒரு கேள்வியை முதலிலேயே கேட்காததற்கு இதுவே விலை.

இதற்காக இழுவை வண்டி ஓட்டுபவரைப் பகைவனாகக் கருதுவது தவறு. அவரும் உழைப்பாளியே. நடு இரவில் மழையிலும் சேற்றிலும் சக்கரத்தடியில் படுத்துச் சங்கிலி மாட்டுபவர் அவர். வண்டி பெரும்பாலும் பைனான்ஸ் கம்பெனிக் கடனில் ஓடுகிறது. வேலை இல்லாத நாளிலும் தவணை நிற்பதில்லை. அந்தச் சும்மா இருந்த நாட்களின் செலவும், டீசல் விலையும், மொத்தமாக அன்று அகப்பட்டவர் தலையில் ஏறுகின்றன. ஒரு கடனாளி இன்னொரு கடனாளியின் மடியில் கை வைக்கிறார். லாபமோ இருவருக்கும் கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேருகிறது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பாலிசியைப் பிரித்துப் படித்தால் விஷயம் விளங்கும். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் இழுவைக் கூலிக்கு ஒரு காசும் கிடையாது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியவருக்கு மட்டுமே சிறிது கிடைக்கும். 2002ம் ஆண்டு மோட்டார் டாரிஃப் வகுத்த பாலிசி வாசகத்தின்படி, விபத்துக்குள்ளான வண்டியை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு உச்சவரம்பு இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய், மூன்று சக்கர வாடகை வண்டிக்கு 750 ரூபாய், சொந்தக் காருக்கும் டாக்சிக்கும் 1,500 ரூபாய், லோடு வண்டி போன்ற மற்ற வாடகை வண்டிகளுக்கு 2,500 ரூபாய். அதுவும் விபத்து நேர்ந்தால்தான். இன்ஜின் நின்றுபோனாலோ, கியர் பெட்டி உடைந்தாலோ, அது விபத்தல்ல என்று கம்பெனி கைவிரித்துவிடும். வழியில் உதவி என்ற தனிச் சேர்க்கைக்குக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அதற்கு வழி. ஆண்டுதோறும் தவறாமல் பணம் வாங்குகிறவர்கள், வண்டி நின்றுபோகும் நாளில் மட்டும் வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வருகிறார்கள்!

இனி, சட்டம் தரும் சில உரிமைகளையும் நம் மக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 201வது பிரிவு, பொது இடத்தில் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் அபராதம் விதிக்கிறது. ஆனால் எதிர்பாராமல் பழுதாகி, அப்புறப்படுத்தப்பட்டுக் கொண்டிருக்கும் வண்டிக்கு இது பொருந்தாது என்று 2019ம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. பழுதாகி நிற்கும் வண்டிக்கு அபராதம் கேட்டால் இதை எடுத்துச் சொல்லலாம். தடா, சூலூர்ப்பேட்டை வழியாகச் செல்லும் 16ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். சுங்கம் வசூலிக்கும் சாலையில் கிரேன் வைத்திருப்பது அவர்கள் கடமை. பழுதான வண்டியைச் சாலையிலிருந்து ஓரம் கட்டுவது அதன் வேலை. ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோவது தனி ஏற்பாடு. பழவேற்காடு - பொன்னேரிச் சாலையிலோ இந்த வசதியும் கிடையாது.

இங்கே கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் காலத்தில் படகு தட்டிப்போவதும், நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோவதும் நம் மீனவர்களுக்குப் புதிதல்ல. பக்கத்துப் படகு தன் வலையைச் சுருட்டிவிட்டு வந்து கயிறு கட்டி இழுக்கிறது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்பதே அங்கே விதி. ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

பெரிய கப்பல்களுக்கோ சர்வதேசச் சட்டமே இருக்கிறது. 1989ம் ஆண்டு லண்டனில் முடிவான கடல் மீட்பு ஒப்பந்தம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. உயிர் பிழைத்தவரிடம் அதற்காகக் கூலி கேட்க முடியாது. ஆபத்தின் நெருக்கடியில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அநியாயமாக இருந்தால் அதைத் திருத்தவோ ரத்து செய்யவோ முடியும். கழுத்தில் கத்தி இருக்கும்போது பேசிய விலை உண்மையான விலை ஆகாது என்பதைக் கப்பல் முதலாளிகளின் உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த நியாயம் மீன் வண்டி ஓட்டும் தொழிலாளிக்கு மட்டும் ஏன் கிட்டக்கூடாது?

தரையிலும் முடியாத காரியமல்ல இது. நம் தமிழ் மக்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இழுவைத் தொழிலில் அடாவடியும் கோஷ்டிச் சண்டையும் மிஞ்சிப்போயின. 2021ல் அங்கே தனிச் சட்டம் நிறைவேறியது. 2024 ஜனவரி முதல் இழுவைத் தொழில் நடத்துவோர் அரசின் சான்று பெற்றிருக்க வேண்டும். அதிகபட்சக் கட்டணத்தை அரசிடம் தாக்கல் செய்து பகிரங்கப்படுத்த வேண்டும். வண்டிக்காரரின் சம்மதம் பெற்ற பிறகே கொக்கி மாட்டலாம். முதலாளித்துவ நாட்டிலேயே இது முடியும்போது திருவள்ளூர் மாவட்டத்தில் ஏன் முடியாது?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஒன்று: மாவட்ட நிர்வாகம் இழுவை வண்டி நடத்துவோரையும் வண்டி ஓட்டிகளின் சங்கங்களையும் உட்கார வைத்துப் பேசி, உச்சக் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும். பழவேற்காடு, பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி போலீஸ் நிலையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் அதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு: 300, 750, 2,500 என்ற இன்ஷூரன்ஸ் வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். மூன்று: மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவில் ஓர் இழுவை வண்டி வைத்துக்கொள்ள சர்க்கார் கடனும் மானியமும் தர வேண்டும். நான்கு: குண்டும் குழியுமான சாலைகளைச் செப்பனிட வேண்டும். அச்சு முறிவது விதியால் அல்ல, பள்ளத்தால்.

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கொக்கி மாட்டுவதற்கு முன் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு? தூரம் எங்கிருந்து எதுவரை? இரவுக் கூலி, காத்திருப்புக் கூலி உண்டா? எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது? எப்படி இழுக்கப் போகிறார்கள்? குட்டி யானை போன்று பின்சக்கரம் உந்தும் வண்டியை முன்பக்கம் தூக்கி வெகுதூரம் இழுத்தால் கியர் பெட்டி கெடக்கூடும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அல்லது வண்டியை மேலே ஏற்ற வேண்டும். பேசிய தொகையைப் போனிலாவது எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வண்டி நிறுத்தத்திலும் சங்கம் ஒரு நோட்டு வைத்து யார், எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு வாங்கினார் என்று குறித்து வரட்டும். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால், கலெக்டர் அலுவலகத்தில் அதைவிடப் பலமான மனு வேறில்லை.

நடுரோட்டில் தனியாக நிற்பவனிடம்தான் எவரும் இஷ்டப்பட்ட விலை சொல்ல முடியும். சங்கத்தோடு நிற்பவனிடம் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடலில் கயிறு வீசும் அந்தத் தோழமையைச் சாலைக்கும் கொண்டு வருவோம்.