தேர்தல் காலக் கடனும் அமானிதமும்

அரசு சிமெண்ட் ஆலையாலும் சுற்றுவட்டாரப் பட்டாசுத் தொழிலாலும் அறியப்படும் ஆலங்குளம் பகுதியில், மானாவாரி நிலத்தை நம்பி வாழ்வோரும் உளர். வானம் பொய்த்தால் அவர்கள் நாடுவது கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனையே.

2021 பிப்ரவரி 5ஆம் நாள், கூட்டுறவு வங்கிகளில் 16.43 இலட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். வாக்குப்பதிவு ஏப்ரல் 6. சலுகையோ நிலுவை வைத்திருந்தோருக்கு மட்டுமே. மனைவியின் நகையை விற்றாவது தவணைக்குள் கட்டி முடித்தவர் அன்று என்ன எண்ணியிருப்பார்?

ஒரு கட்சியை மட்டும் குறை கூறுவது நம் நோக்கமன்று. 2006இல் கலைஞர் கருணாநிதியும், 2016இல் ஜெயலலிதாவும் பதவியேற்ற நாளிலேயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையொப்பமிட்டனர். 2008இல் நடுவண் அரசு பெருந்தள்ளுபடி அறிவித்தது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல்.

தள்ளுபடி ஊரறிய நடப்பது. கடன் வழங்குவதில் நடப்பதோ கண்ணுக்குப் புலப்படாதது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஷான் கோல், 1990களின் இந்திய மாவட்டக் கணக்குகளை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேர்தல் ஆண்டில் அரசு வங்கிகளின் வேளாண் கடன் வளர்ச்சி 5 முதல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகிறது என்றும், போட்டி கடுமையான மாவட்டங்களுக்கே அது மிகுதியாகச் செல்கிறது என்றும் அவர் கண்டார். தனியார் வங்கிகளில் இப்போக்கு இல்லை. தேர்தல், கடன் திரும்பச் செலுத்தப்படுவதையும் பாதிக்கிறது, விளைச்சலும் கூடவில்லை! வளரும் நாடுகள் பலவற்றில் அரசு வங்கிகள் தேர்தல் ஆண்டில் கடனைப் பெருக்குவதை செர்தார் தின்ச் என்பாரும் 2005இல் எடுத்துக்காட்டினார்.

அப்படியாயின் வங்கிகளைத் தனியாரிடமே விட்டுவிடலாமா? 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதற்குப் பின்னரே வங்கிக் கிளைகள் சிற்றூர்களை நோக்கிப் பெருமளவில் வந்தன. கந்துவட்டிக்காரரின் வாசலில் நின்ற தலைமுறையை நாம் மறந்துவிட முடியாது. ஆகவே உடைமையை மாற்றுவது மட்டும் மருந்தாகாது என்பதே என் கருத்து.

கடன்பட்டவர் இடர்ப்பட்டால் அவகாசம் கொடுப்பதையும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேல் என்பதையும் திருமறையின் 2:280ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. ஆயினும் அங்கே விட்டுக்கொடுப்பவர் தம் பொருளை விட்டுக்கொடுக்கிறார். அரசின் கருவூலமோ மக்களின் அமானிதம். வறண்ட ஆண்டில் கிடைக்க வேண்டிய நிவாரணம், வாக்குச்சீட்டின் ஆண்டுக்காகக் காத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

கூட்டுறவுச் சங்க உறுப்பினராக உள்ள நம் சகோதரர்கள் அடுத்த பேரவைக் கூட்டத்திற்குத் தவறாது செல்லட்டும். எந்தெந்த ஆண்டில் எவ்வளவு கடன் வழங்கப்பட்டது, அவ்வாண்டில் மழை எவ்வளவு என்று எழுந்து கேட்கட்டும்.