ஆண்டு மாற்றும் சடங்கு

ஒவ்வொரு சனவரியிலும் திறமூல மென்பொருள் திட்டங்கள் பலவற்றில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. நிரல் கோப்புகளின் தலையில் உள்ள பதிப்புரிமைக் குறிப்பில் புதிய ஆண்டை ஏற்றுகின்றனர். கோப்பில் ஓர் எழுத்தும் மாறியிராது. ஆண்டு மட்டும் மாறியிருக்கும். க்னூ திட்டத்தின் கையேடும், ஒரு தொகுப்பில் மாற்றம் நிகழ்ந்த ஆண்டை அதன் எல்லாக் கோப்புகளிலும் சேர்த்துவிடுவதே எளிது என்கிறது. எளிதுதான்; ஆயினும் இவ்வழக்கத்தைக் கைவிடுவதே நன்று என்பது நம் கருத்து.

வழக்கத்திற்கு வேர் இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் உரிமைக் குறிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. 1968-இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' திரைப்படத்தின் பெயரை மாற்றியபோது அக்குறிப்பு விடுபட்டது; படம் பொதுவுடைமையாயிற்று. க்னூ திட்டம் அறிவிக்கப்பட்ட 1983-இல் அக்கட்டாயம் நடைமுறையில் இருந்தது. பெர்ன் உடன்படிக்கையில் 1989-இல் அமெரிக்கா இணைந்தபின் அது நீங்கியது. இன்று எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. அச்சம் நீங்கிய பின்னும் சடங்கு நிற்கிறது.

ஆண்டை ஏற்றினால் உரிமைக்காலம் நீளுமோ எனில், நீளாது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கிய ஆக்கமாகவே கொள்கிறது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். அக்கணக்கு அவர் மறைவிலிருந்து தொடங்குவது. அமெரிக்காவில் நிறுவனத்திற்காக எழுதப்பட்டவற்றுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கு உண்டு. ஆங்கும் பழைய வரிகளுக்குப் பழைய ஆண்டே பொருந்தும்.

சட்டம் நிரலை இலக்கியம் என்றபின், இலக்கியம் பயின்ற நாம் ஒன்று சொல்லலாம். பழைய நூலைக் கையில் எடுத்தவுடன் நாம் புரட்டுவது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை. முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது திருந்திய பதிப்பா, வெறும் மறுஅச்சா என அறிந்த பின்னரே பாடவேறுபாடுகளைப் பேச இயலும். மறுஅச்சைப் புதிய பதிப்பென்று அச்சிடும் பதிப்பகத்தார் மீது நமக்கு எத்துணைச் சினம் வருகிறது! தொடாத கோப்பில் புதிய ஆண்டை ஏற்றுவதும் அதே பிழையே.

மாற்றங்களின் வரலாற்றைக் 'கிட்' காத்துவைத்துள்ளதே, ஆண்டே எதற்கு என்பார் உளர். கர்ல் திட்டத்தினர் 2023-இல் தம் கோப்புகளிலிருந்து ஆண்டுகளை நீக்கியே விட்டனர். பொய்யான ஆண்டினும் ஆண்டின்மை மேல் என்பதால் அதனை வரவேற்கிறோம். எனினும் நிரல் கோப்பு ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்துச் செல்லப்படுவது. கட்டு அவிழ்ந்த சுவடியின் தனியேடு போல, வரலாற்றை விட்டுத் தனியே போய்விடுகிறது. அப்போது அதன் வயதைச் சொல்ல அத்தலைக்குறிப்பு ஒன்றே மிஞ்சும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான்: முதன்முதல் எழுதிய ஆண்டை ஒருமுறை பொறித்து, அப்படியே விட்டுவிடுங்கள். பெரிதும் திருத்தினால் மட்டும் அவ்வாண்டைப் பக்கத்தில் சேருங்கள். பிறர் எழுதிய குறிப்பைத் தொடாதீர்கள்; எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் அதனை மாறாமல் காக்கும்படியே கேட்கின்றன. நம் நிரல் பழையது என்பதில் வெட்கம் எதற்கு? இருபதாண்டு பழகியும் பிழையின்றி ஓடும் ஒரு கோப்புக்கு அப்பழைய ஆண்டே பெருமை.